எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: அறிவியல் ஆசிரியை, வடசென்னை

வணக்கம். வடசென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். கேள்வி ஒன்றுதான். அதற்கு முன்னால் போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

'விசையும் அழுத்தமும்' பாடம். ஒரே விசை சிறிய பரப்பில் இறங்கினால் அழுத்தம் கூடும் என்று விளக்கிவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றேன். ஊசி, ஆணி என்று புத்தகத்தில் இருப்பதையே சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அம்மா துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுப்பவர்.

"சூரை மீனின் முதுகு கெட்டியாக இருக்கும் டீச்சர். கத்தி மழுங்கியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும். அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் அதே கைக்கு வெட்டிவிடும். கத்தியின் வாய் மெலிந்துவிடுகிறது அல்லவா, பலமெல்லாம் அந்த ஓர் இடத்திலேயே இறங்குகிறது."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இதை அப்படியே நோட்டில் எழுது" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. பேனா எழுதவில்லை என்றான். என் பேனாவைக் கொடுத்தேன். தேதி எழுதினான். கரும்பலகையைப் பார்த்துப் பாடத்தின் தலைப்பை வரைந்தான். வரைந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். 'அ' என்ற எழுத்தை வாலிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோனான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் மணி அடிக்கும்வரை வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக அழைத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் புத்தகத்தை வாங்கி விரித்தேன். 'கொக்கு' என்று ஒரு சொல். விரலை வைத்து, "கெ… ர… க்… கு… கெரக்கு" என்று படித்தான். பக்கத்திலேயே கொக்கின் படம் இருந்தது. அது கொக்கு என்று அவனுக்குத் தெரியும். எழுத்து வேறு எதையோ சொல்கிறதே என்று என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு வகுப்பில் 38 பேரையும் ஒவ்வொருவராகப் படிக்கவைத்துப் பார்த்தேன். 13 பேர் அவனைப் போலத்தான்.

பிள்ளைகள்மேல் பழி போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இவர்கள் இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு இவர்கள் வாழ்வில் நடக்கவேயில்லை. வீட்டில் இருந்தது ஒரே போன். அப்பா கடலுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். 2022 ஜூனில் வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அது 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு. இவர்கள் அப்போது ஐந்தில் இருந்தார்கள். காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. தம்பி உள்ளே உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறான், அண்ணன் வெறும் வயிற்றோடு தூணில் சாய்ந்து நிற்கிறான். காலையில் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நான் வகுப்புக்குப் போகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கிற அதே நாட்களில் விசைப்படகுகளும் கடலுக்குக் கிளம்பும். விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஐஸ் உடைக்க, கூடை தூக்க என்று பெரிய பையன்கள் போய்விட்டு, அப்படியே குளித்து, சீருடை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டாம் பாடவேளையில் தலை சாய்ந்துவிடும். எழுப்ப எனக்குக் கை வருவதில்லை.

2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் அடிப்படை தெரியாதவர்களுக்காக அரசே 'திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் இந்த 13 பேரும் ஒரே நாளில் வருவதே அபூர்வம். எங்களுக்கும் வருகைப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றுவது என்று பாதி நாள் போய்விடுகிறது.

நான் பி.எஸ்சி., பி.எட். படித்தவள். அமிலமும் காரமும் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து கற்றுக்கொடுக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மீசை அரும்பும் பையனை உட்காரவைத்து அ, ஆ என்று ஆரம்பித்தால் மறுநாள் அவன் வரமாட்டான். என்னால் ஒதுக்க முடிந்தது மதிய இடைவேளையில் 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். எங்கிருந்து தொடங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இடைநிலை ஆசிரியர், ஆரணி

'கெரக்கு' என்று படித்தவன் எழுத்து தெரியாதவன் அல்லன். நன்றாகப் பாருங்கள். 'கொ' என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் அச்சில் அடிக்கோட்டில் உள்ள சிறு இழுப்புதான் வித்தியாசம். அவன் கண்ணுக்குத் தெரிந்ததை வரிசை மாறாமல் படித்திருக்கிறான்: கெ, ர. ஒன்றாம் வகுப்பில் இந்தத் தப்பு எங்களுக்கு அன்றாடம் வரும். 'காகம்' என்பதைக் 'கரகம்' என்பார்கள். அந்த வயதிலேயே யாராவது கையைப் பிடித்துத் திருத்திவிட்டால் சரியாகிவிடும். இவனுக்கு அந்த ஆண்டுகளில் பள்ளியே இல்லை.

247 எழுத்து என்ற கணக்கை அவர்களிடம் சொல்லாதீர்கள், மலைத்துப்போவார்கள். க, ங, ச என்று அகர வரிசை 18. அதன்மேல் ஏறும் குறிகள் 11. உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவற்றைப் பிரித்துக் கூட்டவிடாமல் ஒரே ஒலியாகப் பழக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு குறி போதும். துணைக்காலில் தொடங்குங்கள்.

ஒரு பெற்றோர், மதுரை

ஆசிரியைக்கு வருத்தம் தரக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்று வைத்ததால் வந்த வினை இது. நான் ஆறாம் வகுப்பில் ஓர் ஆண்டு நின்றவன். அந்த அவமானத்தில்தான் படித்தேன். படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே ஏற்றிக்கொண்டே போவது அவனுக்குச் செய்யும் துரோகம். நிறுத்தி வையுங்கள், தானாகப் படிப்பான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, புதுக்கோட்டை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 13 பேரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. பல பள்ளிகளில் அந்த எண்ணே யாருக்கும் தெரியாது.

1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் இளம் ஆசிரியை. பகலில் பள்ளி, இரவில் அரிக்கேன் விளக்கோடு கல் குவாரிப் பெண்களுக்கு வகுப்பு. பகலெல்லாம் சுத்தியல் பிடித்த கையில் பென்சில் நிற்காது. அவர்களுக்கு அ, ஆ என்று நாங்கள் தொடங்கவில்லை. முதல் பாடமே 'பட்டா, படி'. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது அந்தப் பெண்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அந்தச் சொல்லைத் தாளில் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு இருந்தது. ப, ட, டா எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. 40 வயதுப் பெண்ணுக்கு ஒட்டாத அணிலும் ஆடும் உங்கள் 13 வயதுப் பையனுக்கும் ஒட்டாது.

உங்கள் பிள்ளைகளின் பட்டா எது? மீன்தான். நான் ஜெகதாப்பட்டினம் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள், அந்தப் பெயர்கள் எனக்கும் கொஞ்சம் தெரியும். எழுதிப் பாருங்கள்: வலை, படகு, மத்தி, நண்டு, இறால், சீலா, நெத்திலி. இதற்குள்ளேயே எத்தனை குறி வந்துவிட்டது! 'நண்டு' ண்டவைக் கற்றுக்கொடுக்கும். 'நெத்திலி' ஒற்றைக்கொம்பைக் கற்றுக்கொடுக்கும். 'சூரை'யையும் 'பாறை'யையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எந்த இலக்கணமும் இல்லாமல் ரவும் றவும் பிரிந்துவிடும். 'கிழங்கான்' என்ற ஒரே மீனில் ழவும் இருக்கிறது, ங்கவும் இருக்கிறது. உங்கள் பையனுக்குச் சிக்கலான கொ வேண்டுமா? 'கொடுவா' இருக்கிறது.

ஆரணி ஐயா உகரத்தைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உகரம் இல்லாமல் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. படகு, நண்டு என்று சொல்லோடு சொல்லாகக் கு, டு வந்துவிட்டுப் போகட்டும்.

வெட்கத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அறிவியல் ஆசிரியை, அது உங்களுக்கு வசதி. 'நம் துறைமுகத்து மீன்கள்' என்று ஒரு செயல்திட்டம் கொடுங்கள். இந்த 13 பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் மீனைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல, காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அவர்கள் கண்முன்னே நீங்கள் எழுதுங்கள். எழுதும்போதே வாயால் சொல்லிக்கொண்டு எழுதுங்கள். மறுநாள் அட்டைகளைக் கலைத்துப் போட்டு மீனைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்கு மீனைக் கற்றுத்தருகிறார்கள் என்று வெளியே தெரியட்டும். உண்மையும் அதுதானே.

ஒன்று மறந்துவிட்டேன். முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று பத்தாண்டு திட்டிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரை ஐயாவுக்கு: உங்களை அவமானம் படிக்கவைத்தது என்கிறீர்கள். உங்களோடு அதே வகுப்பில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

அறிவியல் ஆசிரியை, வடசென்னை

ஆரணி ஐயாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். துணைக்காலும் ரவும் ஒன்றுபோல இருப்பதைப் படித்ததும் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தனை ஆண்டாக இந்த எழுத்தைப் படிக்கிறேன், என் கண்ணில் படவேயில்லை.

மதுரை ஐயா, 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது நினைவிருக்கும். அந்தச் சில மாதங்களில் எங்கள் பகுதித் தாய்மார்கள் பட்ட கவலையை நேரில் பார்த்தேன். இங்கே ஒரு பையனை எட்டில் நிறுத்தினால் அவன் மறு ஆண்டு அதே பெஞ்சுக்கு வரமாட்டான். ஐஸ் வண்டிக்குப் போய்விடுவான். அங்கே நாள் கூலி உண்டு. ஆனால் தெரியாமலே மேலே ஏற்றினோம் என்று நீங்கள் சொல்வது நியாயம். ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் இவர்களுக்கு ஏழாம் வகுப்பிலும் அறிவியல் எடுத்தேன். நானும் கேட்கவில்லை.

செவிலியர், ராயபுரத்தில் பிறந்தவள்

டீச்சர், நான் மீன் கூடை சுமந்தவரின் மகள். மாநகராட்சிப் பள்ளியில்தான் படித்தேன். ஆறாம் வகுப்புவரை எனக்குப் படிக்கத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். எப்படி என்று சொன்னால் உங்களுக்கு உதவும். எனக்கு முன்னால் உள்ளவள் படிக்கும்போது அந்தப் பத்தியை மனப்பாடம் செய்துவிடுவேன். என் முறை வந்தால் அதையே விரலை நகர்த்திச் சொல்வேன். எழுதச் சொன்னால் பேனா எழுதாது, வயிறு வலிக்கும், தண்ணீர் தாகம் எடுக்கும். உங்கள் மாணவன் சொன்ன சாக்குகளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் பத்தியை நடுவிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். 13 பேருக்கு மேலும் இருக்கலாம்.

இன்னொன்று. 'கானாங்கெளுத்தி' என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள். காசிமேட்டில் அது கானாங்கத்தை. பிள்ளைகள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். நம் வீட்டுச் சொல் எழுத்தில் வரும் என்பதே எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது.

அறிவியல் ஆசிரியை, வடசென்னை (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ராயபுரம் சகோதரி சொன்னபடி நடுவிலிருந்து படிக்கச் சொன்னேன். 13 பேர் 16 ஆனார்கள். அந்த மூவரில் ஒருத்தி வகுப்பில் நான்காவது இடம் வாங்குபவள். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு பெண்ணுக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டது. கண்ணாடி போட்ட பத்தாம் நாள் அவள் என் உதவியே இல்லாமல் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். அவளை இத்தனை நாள் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தோம்.

மீன் அட்டைகள் இப்போது 60க்கு மேல் இருக்கின்றன. முதல் வாரம் நான் எழுதினேன். இரண்டாம் வாரம் எனக்கும் அவர்களுக்கும் சண்டையே வந்தது: சீலா பெரியதா வஞ்சிரம் பெரியதா, எது எந்த அட்டைக்கு மேலே இருக்க வேண்டும் என்று. சண்டை போடுவதற்காக அட்டையைப் படித்தார்கள். ஐந்து பேர் இப்போது அட்டையில் இல்லாத புதுச் சொல்லையும் கூட்டிப் படிக்கிறார்கள். ஏழு பேர் இன்னும் கொம்பு எழுத்துகளில் நிற்கிறார்கள். இரண்டு பேர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார்கள். ஒருவன் வருவதையே நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போனேன். அப்பா கடலில் கால் உடைந்து படுத்திருக்கிறார். "அவன் கொண்டுவருவதில்தான் டீச்சர் அடுப்பு எரிகிறது" என்று அம்மா சொன்னார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியிருக்கிறோம், அவனுக்கு மாலையில் வரும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று. இன்னும் முடிவாகவில்லை.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கொடுவா' அட்டையை வேண்டுமென்றே மூன்றாம் வாரம் வரை எடுக்காமல் வைத்திருந்தேன். அன்று அவன் முன்னால் வைத்தேன். விரல் கொம்பில் நின்றது. "கெ…" என்றான். துணைக்காலுக்கு நகர்ந்தது. "ர…" என்று வாயெடுத்தவன் நிறுத்தினான். டுவுக்கும் வாவுக்கும் போனான். திரும்ப முதலுக்கு வந்தான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சட்டென்று தலையைத் தூக்கி, "கொடுவா! அப்படியென்றால் இது ர இல்லையா டீச்சர்?" என்றான். அடுத்த நொடியே மற்ற அட்டைகளை இழுத்துப்போட்டு, துணைக்கால் எங்கெல்லாம் இருக்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். வவ்வால், இறால், சீலா. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

நேற்று என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு ஓடிவிட்டான். அதில் இரண்டு வரி: 'கத்தி மலுங்கினால் சூரை வெட்டாது. வாய் மெலிந்தால் பலம் ஒரு இடத்தில் இரங்கும்.' அன்று தண்ணீர் குடிக்கப் போனபோது எழுதாமல் விட்ட விடை.

அம்மா, உங்களிடம்தான் கேட்கிறேன். 'மலுங்கினால்' என்று இருக்கிறது, 'இரங்கும்' என்று இருக்கிறது. கிழங்கானின் ழவையும் பாறையின் றவையும் அட்டையில் அவன் பிரித்துப் படித்துவிடுகிறான், எழுதும்போது தவறுகிறது. நாளைக்குத் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் திருத்தட்டுமா, இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கட்டுமா?